மனக்காயத்திற்கு மருந்து தேடிய வழி

திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்தை வகுப்பில் நடத்தும்போது அதன் இறுதிக் குறளில் சற்று நின்று செல்வது என் வழக்கம். மருத்துவம் நான்கு உறுப்புகளை உடையது என்கிறார் வள்ளுவர். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பணி செய்பவர் என்பன அந்நான்கு. உரை வகுத்த பரிமேலழகர் அவை ஒவ்வொன்றையும் மேலும் நான்காகப் பகுக்கிறார். நோயாளிக்கு வேண்டியவற்றுள் முதலாவதாக அவர் வைப்பது பொருளுடைமை. மருந்துக்கு வேண்டியவற்றுள் ஒன்றாக அவர் சொல்வது, அது எளிதில் கிடைக்கக்கூடியதாய் இருத்தல். பதினாறையும் தேர்வுக்கென ஒப்பிக்கும் மாணவியர் உண்டு. நானும் ஒரு காலத்தில் அவ்வாறு ஒப்பித்தவள்தான். ஆயினும் பொருளுடைமை ஏன் முதலிடத்தில் நிற்கிறது என்பதும், எளிதில் எட்டாத மருந்தால் ஏழைக்கு என்ன பயன் என்பதும் உரைநூலைப் படித்து எனக்கு விளங்கியவை அல்ல. என் கணவரின் மனக்காயத்திற்கு மருத்துவம் தேடி ஊர் ஊராக நடந்தபோது விளங்கியவை.

இதனை எழுதுவதற்கு அவரிடம் இசைவு பெற்றேன். எழுதி முடித்ததை அவர் படித்தார். இரண்டு பத்திகளைப் பென்சிலால் அடித்தார். அவை இங்கே இல்லை.

நாகூரில், தர்காவுக்குச் செல்லும் தெருக்களுள் ஒன்றில், எழுதுபொருள் விற்கும் சிறு கடை அவருடையது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆழிப்பேரலை வந்தபோது அவர் கடையில் இருந்தார். நானும் இரண்டு வயது மகளும் வீட்டில் இருந்தோம். எங்கள் தெருவுக்குள் நீர் வரவில்லை. எங்கள் உறவில் ஓர் உயிரும் போகவில்லை. வீட்டில் ஓர் ஓடும் உடையவில்லை. தமிழ்நாட்டில் மிகுதியான உயிர்களை இழந்தது நாகப்பட்டினம் மாவட்டம். ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இம்மாவட்டத்தில் மட்டும் மாண்டனர். அன்று நண்பகலில் ஜமாஅத்தின் இளைஞர்களோடு கடற்கரைப் பக்கம் சென்ற என் கணவர் ஒன்பது நாள்கள் உடல்களைத் தூக்கினார். மீனவக் குடியிருப்புகளிலும், கருவேல முட்களுக்கிடையிலும், இடிந்த சுவர்களுக்கு அடியிலும் கிடந்த உடல்களை எடுத்து வந்து, தர்காவுக்குரிய நிலத்தில் குழி வெட்டி, சமயம் பாராது அடக்கம் செய்தனர். நாகூர் மக்கள் இன்றும் பெருமையோடு எடுத்துரைக்கும் செய்தி அது. பெருமைக்குரியதுதான். அந்தப் பெருமையின் அடியில் பேசப்படாமல் கிடந்த ஒன்றைப் பற்றியே நான் எழுதுகிறேன்.

நிவாரணப் பட்டியல்களில் வீடு இழந்தோர், படகு இழந்தோர், உறவை இழந்தோர் என்ற பகுப்புகள் இருந்தன. மனநல உதவிக்கென்றும் பலர் வந்தனர். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் உள்ளூர்த் தொண்டர்களுக்கே பயிற்சி அளித்து, துயருற்றோரின் பேச்சை எவ்வாறு பொறுமையோடு கேட்பது என்று கற்றுத் தந்தனர். நல்ல பணி. ஆனால் அத்தகைய தொண்டர்கள் இயல்பாகவே தற்காலிகக் குடியிருப்புகளை நோக்கிச் சென்றனர். உறவையோ உடைமையையோ இழக்காத ஒரு கடைக்காரரைத் தேடி எவர் வருவார்? வந்திருப்பினும் ‘எனக்கென்ன குறை?’ என்றுதான் அவர் சொல்லியிருப்பார். ஊர் கூடிப் பொன்னாடை போர்த்திய ஒருவர் தம்மை நோயாளி என்று எண்ணிப் பார்ப்பது எளிதன்று.

முதலில் கெட்டது உறக்கம். அடுத்து, உறங்கிக் கொண்டிருக்கும் மகளைக் கண்டால் எழுப்பிவிடுவார். குழந்தை அசையாமல் கிடந்தால் அவருக்குப் பொறுக்காது. அது விழித்து, சிணுங்கி, அழத் தொடங்கிய பிறகே அவர் முகம் தெளியும். ஓரிரவில் மூன்று முறை, நான்கு முறை. குழந்தை வளர்ந்து பள்ளிக்குச் சென்ற பின்னரும் இது நிற்கவில்லை. மழை ஓய்ந்ததும் நகராட்சியார் தெருவோரம் பிளீச்சிங் பவுடர் தூவினால் கடையைப் பூட்டிவிட்டு நடந்துவிடுவார். எங்கே சென்றார் என்பது மாலைவரை தெரியாது. கடல் நடந்து செல்லும் தொலைவில் இருந்தும் சில்லடிப் பக்கம் அவர் கால் எடுத்து வைத்ததில்லை. மீன் உண்பதை விட்டார். நாகூர்க்காரர் ஒருவர் மீனைத் தொடாதிருப்பது எங்கள் உறவினருக்கு வேடிக்கையாக இருந்தது. ‘மச்சான், மரக்கறி விருந்து வைக்கட்டுமா?’ என்று என் தம்பிமார் கேலி பேசுவர். அவரும் சிரித்துக் கொள்வார்.

இவ்வாறு பதினான்கு ஆண்டுகள் சென்றன. கடை நடந்தது, மகள் படித்தாள், ‘அவர் சுபாவம் அப்படி’ என்ற ஒரு தொடரைக் கொண்டு சுற்றத்தார் அனைத்தையும் மூடி வைத்தனர். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியது. அந்த இரவில், காற்று கூரையைப் பிடித்து உலுக்கியபோது, பதினாறு வயது மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிப்படியில் ஏறியவர் விடியும்வரை அங்கேயே நின்றார். புயல் ஓய்ந்தது. அவருடைய மனமோ அந்தப் படியை விட்டு இறங்கவில்லை. கடை திறக்கப்படவில்லை. கைகள் நடுங்கின. பேச்சு குறைந்து, பிறகு ஏறக்குறைய நின்றே போயிற்று. ஒருநாள் இஷாத் தொழுகைக்குப் பின் பாயில் அமர்ந்தவாறே கேட்டார்: “அன்றைக்கு நான் மண்ணில் வைத்த பிள்ளைகளில் ஒன்றுக்கு உயிர் இருந்திருந்தால்?”

பதினான்கு ஆண்டுகளும் அவர் சுமந்தது இந்த ஒரு கேள்வியை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹிராக் குகையில் முதல் வஹீயைப் பெற்று நடுக்கத்தோடு இல்லம் திரும்பிய நிகழ்ச்சியை நாம் அனைவரும் இளமையிலேயே கேட்டிருக்கிறோம். தம்மைப் போர்த்துமாறு கேட்டார்கள். அன்னை கதீஜா (ரலி) போர்த்தினார்கள். கணவரின் நற்குணங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கூறி, இறைவன் தங்களைக் கைவிடான் என்று தேற்றினார்கள். அத்துடன் நிற்கவில்லை. வேதங்களைக் கற்றறிந்த முதியவரான வரகா இப்னு நவ்ஃபலிடம் அழைத்துச் சென்றார்கள். வஹீயின் நடுக்கத்தை ஒரு நோயோடு ஒப்பிடுவது என் கருத்தன்று. அப்படி எவரும் பொருள் கொள்ள வேண்டா. மனைவியாக அன்னையவர்கள் ஆற்றிய செயல்களை மட்டுமே நான் நோக்குகிறேன். போர்த்தினார்கள், பிறகு, அறிந்தவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றார்கள். நம் வீடுகளில் போர்த்துவதற்குக் குறைவில்லை. அழைத்துச் செல்லும்போதுதான் வாசற்படியில் கால் தயங்குகிறது.

எங்கே அழைத்துச் செல்வது? என் மாமி ஓதிய நீரைக் கொடுத்தார், அவரும் குடித்தார். சுற்றத்துப் பெரியவர் ஒருவர் ஏர்வாடிக்கு அழைத்துச் சென்று நாற்பது நாள் தங்க வைக்குமாறு கூறினார். ஏர்வாடி என்றவுடன் என் நெஞ்சில் எழுந்தது 2001 ஆகஸ்ட் 6. தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் 28 பேர் தீயில் கருகிய நாள் அது. அந்தப் பழியைத் தர்காவின்மீது சுமத்துவது முறையன்று. நலம் நாடி வந்தோரைக் கட்டி வைத்துக் காசு பார்த்தோரின் கொடுமை அது. பின்னர் அதே ஏர்வாடியில், வேண்டுதலுக்கு வருவோர்க்கு மனநல மருத்துவமும் அங்கேயே கிடைக்குமாறு ‘தவா-துவா’ என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. மருந்தும் துஆவும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை. எங்கள் மஹல்லாப் பள்ளியின் ஹஜ்ரத் அதனைச் சுருங்கச் சொன்னார்: “துஆவை நான் பார்த்துக்கொள்கிறேன், டாக்டரை நீங்கள் பாருங்கள்.” நோயை இறக்கிய இறைவன் அதற்குரிய மருந்தையும் இறக்கியிருக்கிறான் என்னும் நபிமொழியின் கருத்தை அவர் மாமிக்கு எடுத்துரைத்தார். மாமியின் மறுப்பு அன்றோடு அடங்கியது.

முதலில் சென்றது வாரம் ஒருமுறை வெளியூரிலிருந்து வந்து செல்லும் ஒரு தனியார் மருத்துவரிடம். மாலை நான்கு மணிக்கு எண் வாங்கி, இரவு ஒன்பது மணிக்கு உள்ளே சென்று, நான்கு நிமிடத்தில் வெளியே வந்தோம். உறக்கம் எப்படி, பசி எப்படி, எத்தனை நாளாக என்று மூன்றே கேள்விகள். ஐந்து வகை மாத்திரைகள். மருந்துக்கு மட்டும் மாதம் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் சென்றது. பகலெல்லாம் உறங்கினார், விழித்தபோது அந்தப் பழைய கேள்வியும் உடன் விழித்தது. மூன்று மாதத்தில் கடையின் முதலில் கைவைக்கும் நிலை வந்தது.

அடுத்து அரசு மருத்துவமனை. தேசிய மனநலத் திட்டம் 1982 இல் தொடங்கப்பெற்றது. அதன் கிளையாக மாவட்ட மனநலத் திட்டம் 1996 இல் தோன்றி, படிப்படியாகத் தமிழ்நாட்டின் மாவட்டங்கள் அனைத்துக்கும் பரவியது. இத்தனைக்கும் அப்படி ஒரு வாயில் நமக்கென்று திறந்திருப்பது எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. மாவட்ட மருத்துவமனைக்கு எலும்பு முறிவுக்கும் மகப்பேற்றுக்கும் செல்வோர், மனநலப் பிரிவின் பலகையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பர். நாங்கள் சென்ற பிரிவில் இருந்த மருத்துவர் ஐந்து மாத்திரையை இரண்டாகக் குறைத்தார். அவ்விரண்டும் விலையின்றிக் கிடைத்தன. அதனினும் பெரிய உதவி, அவர் நோயின் பெயரைச் சொன்னது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைவு நோய் என்றார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வகைப்பாட்டில் 1980 ஆம் ஆண்டு இடம்பெற்ற பெயர் அது. போர்வீரர்களுக்கும், விபத்தில் பிழைத்தோர்க்கும், வன்முறைக்கு ஆளானோர்க்கும் மட்டுமன்றி, மீட்புப் பணியில் உடல்களைத் தூக்கியவர்களுக்கும் அந்நோய் வரும் என்றார். என் கணவர் நிமிர்ந்து பார்த்தார். தமக்கு நேர்ந்ததற்கு ஒரு பெயர் உண்டு, அது பிறர்க்கும் நேர்ந்திருக்கிறது என்று அறிவது ஒரு பாதி மருந்து.

மறுபாதியை அம்மருத்துவரே சொன்னார். மாத்திரை உறக்கத்துக்கும் பதற்றத்துக்கும் உதவும். உள்ளே உறைந்து கிடக்கும் நினைவைப் பேசித்தான் கரைக்க வேண்டும். அதற்கு வாரந்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடிய மருத்துவ உளவியலர் வேண்டும். தம் வாயிலில் நிற்கும் கூட்டத்திடையே அது இயலாது. உலக நலவாழ்வு நிறுவனம் 2013 இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும், அதிர்ச்சி நினைவை மையமாகக் கொண்ட அறிவுசார் நடத்தைச் சிகிச்சை போன்ற பேச்சு வழி மருத்துவத்தையே இந்நோய்க்குப் பரிந்துரைக்கின்றன என்பதைப் பின்னாளில் படித்தறிந்தேன்.

இங்குதான் பரிமேலழகரின் பொருளுடைமை குறுக்கே வந்து நின்றது. சென்னையில் விசாரித்தபோது ஓர் அமர்வுக்கு 1,500 ரூபாய் என்றனர். பதினைந்து, பதினாறு அமர்வுகளேனும் வேண்டும். பயணம் வேறு, தங்குவது வேறு, கடை மூடிய நாள்களின் இழப்பு வேறு. சுயநிதிப் பிரிவில் பணியாற்றும் தமிழாசிரியை ஒருத்தியின் ஊதியம் எவ்வளவு என்பதை இம்மலரைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நிம்ஹான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் 2015-16 இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, மனநோயுற்றோருள் மருத்துவம் பெறாதோர் நோயின் வகைக்கேற்ப 70 முதல் 92 விழுக்காடு என்று கணக்கிட்டது. மூடநம்பிக்கையே இதற்குக் காரணம் என்று மேடைகளில் பேசுவோரைக் கேட்கும்போது எனக்குச் சினம் உண்டாகிறது. பேருந்துக் கட்டணமும் காரணம். ஒருநாள் கூலியும் காரணம்.

வழி காட்டியவள் என் பழைய மாணவி ஒருத்தி. தமிழிலக்கியம் முடித்தபின் உளவியல் படித்தவள். திருச்சிராப்பள்ளியில் அறக்கட்டளை ஒன்று நடத்தும் மனநல மருத்துவமனையைப் பற்றி அவள் சொன்னாள். வருமானத்திற்கேற்பக் கட்டணம் வாங்குவர். மருத்துவ உளவியல் பயிலும் மாணவர்கள் மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் சிகிச்சை அளிப்பர். ஆதலால் செலவு குறையும் என்றாள். குடும்ப அட்டையையும் என் ஊதியச் சீட்டையும் காட்டினோம். அமர்வுக்கு 300 ரூபாய் என்று முடிவாயிற்று. ‘பயிற்சி மாணவர்’ என்றதும் உறவினர் சிலர் முகம் சுளித்தனர். எம் கல்லூரியில் பயிற்சி ஆசிரியர் வகுப்பெடுக்கும் நாளில் மாணவியர் எவ்வளவு கவனத்தோடு கேட்பர் என்பதை அறிந்தவள் நான். கற்றுக்கொண்டிருப்பவர் அவசரப்படமாட்டார்; தவறினால் திருத்துவதற்கு மேலே ஒருவர் இருக்கிறார்.

2019 டிசம்பரில் தொடங்கினோம். வியாழக்கிழமைதோறும் விடியற்காலை இரயில், இரவில் திரும்புதல். சிகிச்சை அளித்தவர் இருபத்தைந்து வயதுப் பெண். “இந்தப் பிள்ளையிடம் போய் நான் அதையெல்லாம் எப்படிச் சொல்வது?” என்று முதல் நாள் என் கணவர் தயங்கினார். கதவைச் சற்றே திறந்து வைத்து, வெளியே நாற்காலியில் என்னை அமரச் சொன்னார் அப்பெண். எங்கள் வழக்கத்தை நாங்கள் சொல்லாமலே அவர் உணர்ந்துகொண்டது என் கணவருக்குப் பிடித்திருந்தது.

முதல் மூன்று வாரங்கள் கடலைப் பற்றிய பேச்சே எழவில்லை. பதற்றம் மேலிடும்போது பாதங்களைத் தரையில் அழுத்தி ஊன்றுவதும், அறையில் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எண்ணுவதும், மூச்சை நிதானமாக விடுவதுமே பாடம். நான்காம் வாரத்திலிருந்து அந்த ஒன்பது நாள்களையும் வரிசையாகச் சொல்லச் சொன்னார். சொல்லியதைக் கைப்பேசியில் பதிவு செய்து, நாள்தோறும் அஸர் தொழுகைக்குப் பின் கேட்டுவரச் செய்தார். முதலில் கேட்டபோது என் கணவர் வாந்தி எடுத்தார். பத்தாவது முறை கேட்டபோது, “இந்த இடத்தில் நாள் மாறியிருக்கிறது; அது செவ்வாய்க்கிழமை” என்று திருத்தினார். அச்சுறுத்திய நினைவு, திருத்தக்கூடிய நினைவாக மாறிய இடம் அதுவென்று பின்னர் எனக்கு விளக்கினர்.

அந்தக் கேள்விக்கு வருகிறேன். உயிர் இருந்த பிள்ளை ஒன்றை மண்ணில் வைத்துவிட்டோமோ என்ற ஐயம். நானாக இருந்தால் ‘அப்படியெல்லாம் இருக்காது’ என்று சொல்லித் தேற்றியிருப்பேன். வீட்டில் எல்லோரும் அதைத்தான் சொன்னோம். அப்பெண் அவ்வாறு சொல்லவில்லை. “ஒவ்வோர் உடலையும் எடுத்தபோது உங்கள் கை என்ன செய்தது? மெதுவாகச் சொல்லுங்கள்” என்று மட்டும் கேட்டார். என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினார். முகத்து மண்ணைத் துடைத்தேன், புறங்கையை மூக்கினருகே வைத்தேன், மார்பில் காதை வைத்தேன், பிறகே தூக்கினேன். சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். “எல்லாப் பிள்ளைக்கும் பார்த்தேனே” என்றார். திறந்திருந்த கதவின் வழியே அது எனக்குக் கேட்டது. பதினைந்து ஆண்டுகளாகக் கேள்வி மட்டும் நினைவில் நின்று, அதற்கான விடை மறைந்து கிடந்திருக்கிறது. வீடு திரும்பும் இரயிலில் திருவாரூர் வரும்வரை அழுதார். எதிரில் இருந்தவர்கள் மையத்து வீட்டுக்குச் செல்கிறோம் என்று எண்ணியிருக்கக்கூடும். தண்ணீர் கொடுத்தார்கள்.

பதினோர் அமர்வுகள் முடிந்த நிலையில், 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. எஞ்சிய ஐந்தும் தொலைபேசி வழியே நடந்தன. வீட்டில் ஆள் நடமாட்டம் இருந்ததால் அவர் மொட்டைமாடிக்குச் சென்று பேசுவார். ஒரு சிறு டப்பியில் பிளீச்சிங் பவுடரை வைத்து, முதல்நாள் மூடியபடி, அடுத்து மூடியைத் திறந்து, அடுத்து மூக்கினருகே என்று பழகியதும் அந்த மாடியில்தான். ஊரே கிருமிநாசினி வாடையில் மூழ்கியிருந்த காலத்தில் அவருக்கு இந்தப் பாடம் நடந்தது இறைவனின் ஏற்பாடு என்பார் என் மாமி. ஊரடங்கு தளர்ந்தபின் சில்லடியை நோக்கி நடந்தார். முதல்நாள் பாதி வழி. மறுவாரம் மணல் தொடங்கும் இடம். அலையில் கால் நனைத்தது 2021 இல்.

பதினாறு அமர்வுகளுக்கும் கட்டணம் 4,800 ரூபாய். பயணத்துக்கும் வழிச்சோற்றுக்கும் அதைவிடக் கூடுதலாயிற்று. கடை மூடிய நாள்களின் இழப்பு அதனினும் மிகுதி. என் இரண்டு வளையல்கள் அதற்குச் சென்றன. வட்டிக்கு அஞ்சி அடகு வைக்காமல் விற்றுவிட்டேன். முழு நலம் என்று நான் எழுதமாட்டேன். டிசம்பர் மாதம் இன்றும் எங்கள் வீட்டில் கனத்த மாதம்தான். மீன் இன்னும் உண்பதில்லை. மகள் இப்போது வெளியூரில் பணியில் இருக்கிறாள். நள்ளிரவில் தொலைபேசியில் அழைத்து அவளை எழுப்புவதில்லை. கடை காலை ஒன்பது மணிக்குத் திறக்கிறது.

சமுதாயப் பெரியோர் இதனைப் படிப்பர் என்பதால் ஒரு செய்தியைச் சொல்லத் துணிகிறேன். பேச்சினால் மனத்துக்கு மருத்துவம் செய்வது மேனாட்டார் புதிதாகக் கொண்டு வந்தது என்று நம்மவருள் சிலர் எண்ணுகின்றனர். பத்தாம் நூற்றாண்டில் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ, உடல், உள்ளம் இரண்டின் நலம் குறித்து எழுதிய ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்னும் நூலில் அச்சம், துயரம், சினம், ஓயாது அலைக்கும் தீய எண்ணம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே மருத்துவம் கூறுகிறார். அவசரத்துக்கென மருந்தை வீட்டில் சேமித்து வைப்பதுபோல், அமைதியான நேரத்தில் நல்லெண்ணங்களைச் சேமித்து வைக்க வேண்டும் என்பது அவர் கருத்து. தன்னால் தன்னைத் தேற்றிக்கொள்ள இயலாதபோது பிறர் சொல்லின் துணையை நாட வேண்டும் என்பதும் அவர் கூறியதே. கெய்ரோ நகரில் சுல்தான் கலாவூன் 1284 இல் எழுப்பிய மன்சூரி மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கெனத் தனிப்பகுதி இருந்தது. செல்வர், வறியர் என்ற வேறுபாடின்றி அங்கே கட்டணமில்லா மருத்துவம் அளிக்கப்பட்டது. அதற்கான செலவை ஏற்றது வக்ஃபு. மனநோயாளியின் மருத்துவச் செலவை அறக்கொடையால் தாங்க வேண்டும் என்பது நமக்கு எழுநூறு ஆண்டுப் பழமையுடைய வழக்கம்.

நம் ஜமாஅத்தின் பைத்துல்மால் உதவி விண்ணப்பத்தில் அறுவை மருத்துவம், கண் மருத்துவம், சிறுநீரகச் சுத்திகரிப்பு என்றெல்லாம் பகுதிகள் இருக்கின்றன. மனநல மருத்துவம் என்ற பகுதி இல்லை. ‘இதர’ என்ற கட்டத்தில் எழுதிக் கொடுக்கலாம்தான். ஆனால் ‘இதர’ என்றால் என்ன என்று நால்வர் முன்னிலையில் விளக்க வேண்டியிருக்கிறது. ஒரு வரியை அச்சிட்டால் அந்த விளக்கம் தேவைப்படாது. திங்களுக்கு இருமுறை ஓர் உளவியலர் வந்து அமர்வதற்குக் கல்லூரியில் ஓர் அறை ஒதுக்குவதும் பெருஞ்செலவன்று. பயணச் செலவு சிகிச்சைக் கட்டணத்தை விஞ்சியது என்று மேலே நான் எழுதியதன் பொருள் இதுதான்: நோயாளி உளவியலரைத் தேடிச் செல்வதைவிட, உளவியலர் நோயாளிகள் இருக்கும் இடத்துக்கு வருவது மலிவு.

மாணவியர்க்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் இவ்வாறு ஒருவர் இருந்தால் முதலில் தட்ட வேண்டிய கதவு மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. அருகில் அரசு மருத்துவக் கல்லூரி இருப்பின் அதன் மனநலத் துறை. 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசின் வாயிலாக மனநல மருத்துவம் பெறுவது அதன்படி உங்கள் உரிமை; எவரும் செய்யும் சலுகையன்று. மருத்துவக் காப்பீட்டில் உடல்நோய்க்கு உள்ள இடம் மனநோய்க்கும் உண்டென்று அதே சட்டம் கூறுகிறது. காப்பீடு உள்ளவர்கள் பத்திரத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் டெலி-மானஸ் தொலைபேசிச் சேவைக்கு 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். அருகில் எங்கே செல்லலாம் என்றும் கேட்கலாம். தனியாரிடம் செல்வதாயின் கட்டணத்தை முதலிலேயே கேளுங்கள். குறைக்க இயலுமா என்றும் கேளுங்கள். மீன் அங்காடியில் விலை கேட்க நாணாத நாம் அங்கே மட்டும் நாணுகிறோம். சிகிச்சை அளிப்பவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலரா என்று வினவுவதும் தவறன்று. உளவியல் என்ற பெயரில் பலகை தொங்கவிடுவோர் பெருகிவிட்டனர்.

பரிமேலழகர் அருகிருந்து பணி செய்பவருக்கும் நான்கு தகுதிகளைச் சொல்கிறார். நோயாளியிடம் அன்பு, தூய்மை, சொன்னதைச் சொன்னவாறே செய்யும் வல்லமை, அறிவு. அன்பை முதலில் வைத்தாலும் அதனோடு நிறுத்தாமல் அறிவையும் அவர் சேர்த்திருப்பதை வகுப்பில் இப்போது சற்று அழுத்திச் சொல்கிறேன். காரணம் என்னவென்று மாணவியர் கேட்டதில்லை.

அன்று என் கணவரோடு சேர்ந்து உடல்களைத் தூக்கியவர்களுள் ஒருவர் சென்ற ரமலானில் நோன்பு திறக்க எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். தேங்காய் வணிகம் செய்பவர், நல்ல வசதி, எப்போதும் சிரித்த முகம். உணவுக்குப் பின் இருவரும் மாடிக்குச் சென்று நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தனர். தராவீஹ் தொழுகைக்கு நேரமாகிவிட்டதே என்று நான் குரல் கொடுத்தபோது இறங்கி வந்தார்கள். அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு பள்ளிக்குச் சென்றார். பெருநாள் கழிந்த இரண்டாம் வியாழக்கிழமை விடியற்காலையில் என் கணவர் கடைச் சாவியை என்னிடம் தந்துவிட்டு, திருச்சிராப்பள்ளிக்கு இரண்டு பயணச்சீட்டு எடுக்க வேண்டும் என்று சில்லறை கேட்டார்.